எட்டாவது கிழமை

அத்தியாயம் பதினொன்று

வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் 'கணக்கு டீச்சர்'தான். பதினைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தேழு வயதில் வேலையை உதறிவிட்டு, பள்ளி உளவியலில் மேல்படிப்புக்குச் சேர்ந்தவள். "எல்லார் வீட்டுலயும் பிள்ளையைக் காலேஜுல சேர்ப்பாங்க, நான் பொண்டாட்டியைச் சேர்த்திருக்கேன்" என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை நமக்குத் தெரியும். இப்போது இரண்டாம் வருஷம். முடிய இன்னும் ஆறே வாரம்.

போன வாரம் அவளை நாம் பிரிந்தபோது, தம்பியோடு சண்டை போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்குத் தெருவில் பெயர் திருப்புளி. லிஃப்ட் மெக்கானிக். மேற்பார்வையாளர் பதவி மூன்றாவது முறையாக வாசல் தேடி வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"எழுத்து வேலை எனக்கு ஒத்து வராதுக்கா. நான் மக்கு. விடேன்."

அந்த 'விடேன்' மூன்று நாளாக அவள் காதிலேயே இருந்தது.

அன்று காலை ஒன்பது மணி. நகரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான மாணவர் ஆலோசனை மையத்தின் இரண்டாம் மாடி. நீள மேசையைச் சுற்றி ஏழு பயிற்சி மாணவர்கள். வகுப்பை நடத்தும் மேடத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நின்று, ஜன்னலைப் பார்த்துவிட்டு, பிறகுதான் மீதியைச் சொல்வார்.

"இதெல்லாம் பழைய கோப்பு. பிள்ளை பள்ளியை விட்டுப் போய், இருபது வருஷம் ஆனா, அழிச்சிடணும்னு விதி. நாளை மறுநாள் சாயங்காலம் இயந்திரம், எல்லாத்தையும் துண்டு துண்டா நறுக்கிடும். அதுக்கு முன்னாடி இதை வெச்சு, நாம கொஞ்சம் கத்துக்கலாம்."

ஒரே கோப்பின் நகல் ஆளுக்கு ஒன்றாக வந்தது. பெயர், பள்ளி, தெரு எல்லாவற்றின் மேலும் அலுவலக எழுத்தர் கறுப்பு மை பூசியிருந்தார். மிஞ்சியிருந்தது இவ்வளவுதான்: மாணவன். வயது எட்டு. மூன்றாம் வகுப்பு.

வேலை எளிது. அந்தக் காலத்தில் சோதித்தவர் ஒவ்வொரு பதிலுக்கும் போட்ட மதிப்பெண் சரியா, நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள் என்று எழுத வேண்டும்.

கணக்கு டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஹைலைட்டர். வகுப்பிலேயே சின்னவள். ஒரு வரி விடாமல் மஞ்சள் பூசுவாள். அவள் பூசி முடித்த பக்கத்தில், பூசாமல் விட்ட வரிதான் பளிச்சென்று தெரியும்.

"அக்கா, நாலாவது கேள்வியைப் பாருங்க. வாரத்துக்கு எத்தனை நாள்னு கேட்டா, எட்டுங்கறான்!"

"எந்த முதலாளிகிட்ட வேலை பார்த்தானோ, பாவம்" என்றாள் எதிரே இருந்த முன்னாள் நர்ஸ்.

மேசையே சிரித்தது. கணக்கு டீச்சரும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சும்மா சொல்லலைக்கா, பேரே சொல்றான். ஞாயிறுலேருந்து சனி வரைக்கும் ஏழும் சரியாச் சொல்லிட்டு, எட்டாவதா..." ஹைலைட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள். "இல்லாக்கிழமை."

கணக்கு டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவள் தன் கையிலிருந்த நகலைப் பார்த்தாள். சோதித்தவர் நல்ல ஆள். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்.

கேள்வி: அது எப்போது வரும்?

பதில்: எப்ப வேணா வரும். அக்காவுக்குத் தெரியும்.

மதிப்பெண்: பூஜ்யம்.

எங்கோ தூர தேசத்தில் யாரோ எழுதிய புத்தகத்தைப் பிரித்து வாசித்துக்கொண்டே போனவள், நூறாவது பக்கத்தில் தன் வீட்டுக் கதவு எண்ணைக் கண்டதுபோல் இருந்தது அவளுக்கு.

உலகத்தில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு ஷிப்ட் சேர்ந்து விழும். பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் போனால், அவர்கள் தூங்கிய பிறகுதான் வருவாள். அது எந்த நாள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் திங்கள், ஒரு வாரம் வியாழன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஷிப்ட் அட்டவணையைப் படித்து நாள்காட்டியில் வட்டம் போடுவது மூத்தவள் வேலை. அந்த நாளுக்குத் தம்பி வைத்த பெயர் அது. காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்பான்: "அக்கா, இன்னிக்கு இல்லாக்கிழமையா?"

இதோ, இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு மேசையே அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

தெரிந்தவருடைய கோப்பு கைக்கு வந்தால் அந்த நொடியே மூடிவைக்க வேண்டும், மேற்பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும். முதல் வருஷம், முதல் வாரத்துப் பாடம். அவளே அதற்கு நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

வண்ணக் கட்டைகளை அடுக்கும் பகுதி. எல்லாம் சரி. கடைசி வடிவத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளே பாதியில் விட்டுவிடுவார்கள். இவன் அதையும் முடித்திருந்தான். சோதித்தவர் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, பிறகு அது முறையல்ல என்று நினைத்தோ என்னவோ, அடித்திருந்தார்.

இன்னொரு பக்கம். 'நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் இவன் தொண்ணூற்றாறு பேருக்கு முன்னால் நிற்பான். அறிவில் எந்தக் குறையும் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில் மட்டும் சிக்கல் உள்ளது. வாசிப்பு வகுப்புக்கு உடனே அனுப்பினால் இரண்டு வருடங்களில் சரிசெய்யலாம். காலம் தாழ்த்தக் கூடாது.'

'காலம் தாழ்த்தக் கூடாது' என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

அப்படியானால் ஏன் அனுப்பவில்லை? யார் தடுத்தது? எந்தப் பாவி இதை அலமாரியில் போட்டுப் பூட்டினான்?

கடைசிப் பக்கம். வீட்டுக்கு அனுப்பிய சம்மதச் சீட்டின் நகல். இரண்டு கட்டங்கள். 'சம்மதம்' காலி. 'சம்மதமில்லை' என்பதில் ஒரு டிக். காரணம் என்று கேட்ட இடத்தில், பெரியவர்கள் எழுதுவதுபோல் சாய்த்துச் சாய்த்து எழுதிய ஒரு வரி: நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

கையெழுத்தின் எழுத்துகளை எழுத்தர் மறைத்துவிட்டார். அடியில் இழுத்திருந்த கோட்டையும், கோட்டுக்குக் கீழே இருந்த இரண்டு புள்ளிகளையும் மறந்துவிட்டார்.

அம்மா அப்படிக் கையெழுத்துப் போட மாட்டாள். அம்மா கையெழுத்தே போட மாட்டாள். கையெழுத்து என்றால் கீழே ஒரு கோடும் இரண்டு புள்ளியும் இருந்தால்தான் கெத்து என்று நினைத்தவள் ஒரு பதின்மூன்று வயதுப் பெண். பழைய செய்தித்தாள் ஓரத்தில் ஒரு வாரம் எழுதிப் பழகியவள்.

"அக்கா? என்னாச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றாள் ஹைலைட்டர்.

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

வெளியே வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறந்தே போயிருந்தது. அம்மா பேருக்கு அவள் போட்ட கையெழுத்துகள் ஒன்றா இரண்டா? லீவு லெட்டர், மதிப்பெண் அட்டை, தடுப்பூசிச் சீட்டு. "நீயே போட்டுடும்மா, உனக்குத்தான் தெரியும்" என்பாள் அம்மா. அந்தக் குவியலுக்குள் இந்த ஒன்றும் இருந்திருக்கிறது.

இப்போது துண்டு துண்டாக நினைவு வந்தது. பள்ளி வராந்தாவின் கோடியில் ஓர் அறை. ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டும் போவார்கள். மற்றவர்கள் அதற்கு வைத்த பெயர் கிறுக்கு ரூம். சீட்டில் 'மனவளர்ச்சி மதிப்பீடு' என்றும் 'சிறப்பு வகுப்பு' என்றும் இருந்தது. மன என்று தொடங்கும் சொல்லைப் பார்த்ததும் அவள் முடிவு கட்டிவிட்டாள். என் தம்பியைக் கிறுக்கன் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் அவள் படித்தது. 'முழு அறிக்கையைப் பள்ளிக்கு நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்' என்று கீழே இருந்ததை அவள் படித்தாளா? படித்திருப்பாள். யார் போவது? அம்மாவா?

அம்மாவிடம் அந்தச் சீட்டைக் காட்டவே இல்லை. மற்றதையெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவாள். இதை மட்டும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவளே பார்த்துக்கொள்ளவும் செய்தாள். ஒரு வருஷம். தினம் சாயங்காலம் ஸ்கேலை வைத்துக்கொண்டு. "இதுகூடத் தெரியலையா, மக்கு? மறுபடியும் படி." அவளுக்குப் பெரிய பரீட்சை வந்ததும் அதையும் விட்டுவிட்டாள்.

மக்கு என்று அவனை முதலில் கூப்பிட்டது எந்த வாத்தியாரும் இல்லை.

மேடத்தின் அறைக்கதவை அவள் தட்டியபோது மணி பத்தரை.

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மேடம் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பியா?"

"ஆமாம் மேடம்."

"எப்ப தெரிஞ்சுது?"

"நாலாவது கேள்வியில."

"மூடினீங்களா?"

அவள் மேசையைப் பார்த்தாள். மேடம் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"கடைசிப் பக்கம் வரைக்கும், படிச்சிட்டீங்க."

"ஆமாம்."

"உங்களை எனக்குப் பிடிக்கும். அதனாலதான், இதை நேராச் சொல்றேன். உங்க பயிற்சியை இன்னியிலேருந்து நிறுத்தி வைக்கறேன். குழு கூடி, முடிவு சொல்லும்."

"மேடம், ஆறு வாரம்தானே இருக்கு..."

"தெரியும்."

ஒரு பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. இரண்டு வருஷம் ஒரு ஹாரன் சத்தத்துக்குள் போய்விடும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் ஆச்சரியம், அதற்காக அழுகை வரவில்லை.

"அந்தக் கோப்பு நாளை மறுநாள் போயிடுமா மேடம்?"

"போயிடும். அவர் கேட்டாலொழிய. அவருடைய கோப்பு, கேட்கறதுக்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனா அவரே, தன் கையால எழுதிக் கேட்கணும். நாளை மறுநாள் நாலு மணிக்குள்ள."

"அதுல என்ன இருக்குன்னு நான் சொன்னா உடனே வந்துடுவான் மேடம்."

"சொல்லக் கூடாது."

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை..."

"கூடாதும்மா. நீங்க அதைப் படிச்சதே, தப்பு. படிச்சதைச் சொல்றது அடுத்த தப்பு. இன்னிக்குத் தம்பிக்கு, நல்லதுக்குத்தானேன்னு சொல்லுவீங்க. நாளைக்கு வேற ஒரு பிள்ளையோட பக்கத்து வீட்டுக்காரருக்கும், நல்லதுக்குத்தானேன்னு தோணும்."

"அப்ப அவன்கிட்ட நான் என்னதான் சொல்றது?"

இப்போதுதான் மேடம் ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கோப்புல இருக்கறது, அவருடையது. நீங்க பதிமூணு வயசுல பண்ணினது, உங்களுடையது. அதைத் தெரிஞ்சுக்க உங்களுக்குக் கோப்பு வேண்டியதில்லை. உங்களுடையதை, நீங்க சொல்லலாம்."

கணக்கு டீச்சருக்குக் கணக்கு புரிந்தது. தொண்ணூற்றாறு என்ற எண்ணை வாய் திறக்கக் கூடாது. தான் செய்த பாவத்தை மட்டும் கொண்டுபோய் அவன் முன்னால் வைக்க வேண்டும்.

மேடம் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம். தம்பிக்கு அன்று வேலை அங்கே. தரைத்தளத்தில் மூன்று லிஃப்டுகளில் ஒன்றின் முன்னால் 'சோதனை நடக்கிறது' என்று பலகை. கதவு திறந்தபோது உள்ளே திருப்புளி, காதில் பென்சிலும் காலடியில் கருவிப் பெட்டியுமாக நின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா, இந்த நேரத்துல? காலேஜை இடிச்சுட்டாங்களா?"

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்டா."

"மேற்பார்வையாளர் விஷயம்னா அப்படியே திரும்பிப் போயிடு."

"அது இல்லை."

"அப்ப ஏறு. நாப்பது தடவை ஏறி இறங்கணும், இப்பதான் மூணு ஆச்சு. பஸ்ஸுல வர்ற மாதிரி நினைச்சுக்கோ. டிக்கெட் கேக்க மாட்டேன்."

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் கிளம்பியதும் அவன் தலையைச் சாய்த்து மேலே காதைக் கொடுத்தான். மோட்டார் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

"நீ மூணாவது படிக்கறப்போ ஒரு சார் வந்து உன்னைத் தனியா உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

"கலர் கட்டை சாரா?" அவன் முகம் மலர்ந்தது. "ஞாபகம் இல்லாம? பள்ளிக்கூடத்துல நான் சந்தோஷமா இருந்த ஒரே நாள் அதுதான். அந்தப் படத்தைப் பார்த்து அதே மாதிரி அடுக்கணும். இன்னும் இருக்கா, இன்னும் இருக்கான்னு கேட்டேன். மறுபடியும் கூப்பிடறேன்னு சொன்னாரு. தினம் வாசலைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். கூப்பிடவே இல்லை. சரி, கடைசியைத் தப்பா அடுக்கிட்டேன்போலன்னு விட்டுட்டேன்."

அவள் லிஃப்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். நீ தப்பாக அடுக்கவில்லை. ஐந்து சொல்கூட இல்லை. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"கூப்பிட்டாங்கடா. வீட்டுக்குச் சீட்டு வந்துச்சு. கோடியில இருந்த அந்த ரூமுக்கு உன்னை அனுப்பறோம், சம்மதமான்னு கேட்டு. உன் பையிலதான் இருந்துச்சு. அம்மாகிட்ட நான் காட்டலை. சம்மதமில்லைன்னு டிக் பண்ணி, அம்மா பேருல நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

ஏழாவது மாடியில் கதவு திறந்தது. கையில் காபிக் கோப்பையோடு ஒருவர். "மேலயா, கீழயா?"

"ரெண்டும் இல்லை சார். சோதனை. படியில போங்க" என்றான் திருப்புளி, அவரைப் பார்க்காமலே.

கதவு மூடியது. எட்டு. ஒன்பது. பத்து. இப்போது அவன் மோட்டாரைக் கேட்கவில்லை.

"அது கிறுக்கு ரூம்தானே?" என்றான்.

"இல்லை. படிக்கச் சிரமப்படற பிள்ளைங்களுக்குப் படிக்கக் கத்துக்குடுக்கற ரூம். எனக்கு அப்ப தெரியாதுடா. உன்னைக் கிறுக்கன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"அதுக்காக நீ மக்குன்னு சொன்னியாக்கும்."

அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பன்னிரண்டாவது மாடியில் நின்று, யாருமில்லாத வராந்தாவை ஒருமுறை காட்டிவிட்டு, லிஃப்ட் மறுபடி இறங்கியது. அவன் சோதனை எண்ணிக்கை அட்டையில் நான்காவது கோட்டைப் போட்டான். கோடு வளைந்து போயிற்று.

"இருபத்தாறு வருஷம் கழிச்சு இன்னிக்கு எதுக்கு இதைச் சொல்றே?"

"அந்த சார் உன்னைப் பத்தி எழுதின கோப்பு எங்க மையத்துல இருக்கு. நாளை மறுநாள் அழிச்சிடுவாங்க. அதுக்குள்ள நீ எழுதிக் கேட்டா உனக்குக் குடுப்பாங்க."

"என்ன எழுதியிருக்காரு?"

"சொல்லக் கூடாது."

"நீ படிச்சியா?"

"படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. என்னை நிறுத்தி வெச்சிருக்காங்க."

அவன் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தான். "படிப்புலேருந்தா? உன்னையா?"

"அதை விடு. நீ கேளுடா. தயவு செஞ்சு கேளு."

"மக்குன்னு எழுதியிருக்காரா?"

அவள் கதவின் மேல் ஓடும் எண்களைப் பார்த்தாள்.

"வாயால சொல்ல வேண்டாம். தலையையாவது ஆட்டு."

"ஆட்டக் கூடாதுடா."

"கண்ணை மூடித் திற. ஒரு தடவை திறந்தா ஆமாம்."

இரண்டு வருஷம் பழகிய பழக்கம் அது. பிள்ளை எந்தப் பதில் சொன்னாலும் சரியா தப்பா என்று முகத்தில் காட்டக் கூடாது. புருவம்கூட அசையக் கூடாது. அந்த முகத்தை இப்போது போட்டுக்கொண்டாள். தம்பி ஒரு முழு நிமிஷம் அதைப் பார்த்தான். மோட்டாரைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்தான்.

"இரும்புகூட ஏதாவது சொல்லும்" என்றான் கசப்பாக. "கொண்டா அந்தப் பேப்பரை."

கருவிப் பெட்டியின் மூடி மேல் படிவத்தை விரித்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தான். அவள் பேனாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

மூன்று வரி. அதற்குப் பத்துத் தடவை ஏறி இறங்கியது லிஃப்ட். நடுவில் ஒவ்வொரு முறையும் எட்டி அட்டையில் கோடு போட்டான்; வேலையில் அவன் ஏமாற்றுவதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் உதட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான். பெரிய 'ற' வர வேண்டிய இடத்தில் சின்ன 'ர' போட்டான். அவள் விரல் தானாக நீண்டது.

"தொடாதே" என்றான் தலை நிமிராமல்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வகுப்பில் தப்புச் செய்த பிள்ளைகளை அவளே அப்படி நிறுத்தியிருக்கிறாள்.

நான்காவது மாடியில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மெக்கானிக்கையும், கைகட்டி நிற்கும் அக்காவையும் பார்த்துவிட்டு, கேட்காமலே படியைப் பார்த்துப் போனார்கள்.

கடைசியில் ஒரு வரிதான் பாக்கி. அதை அவன் விரலால் தடவித் தடவிப் படித்தான். பாதியில் தடுக்கியபோது அவள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்: "கோப்பை வாசித்து விளக்கும்போது உடன் இருக்க விரும்புகிறவர்."

சொன்ன பிறகுதான், தான் அந்த இடத்தில் ஏற்கெனவே தன்னை உட்காரவைத்துவிட்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. மேடம் வாசிப்பார். அவன் தொண்ணூற்றாறு என்று கேட்பான். அந்த நொடியில் அவன் முகத்தை அவள் பார்ப்பாள். அது ஒன்றுக்காகப் படிப்பே போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

அவன் எழுதினான். இரண்டே எழுத்து எழுதி நிறுத்தினான். பிறகு மூன்றாவது.

அம்மா.

"டேய்... அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதேடா."

"எனக்கும்தான் தெரியாது. ரெண்டு பேரும் உக்காந்து கேக்கறோம்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அது சாதாரணமாக இருந்தது. ஆணியைப் பார்த்து ஆணி என்று சொல்வதுபோல்.

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. அவன் எழுந்து, படிவத்தை நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டான். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். நாளைக்கு மதியம் லீவு சொல்லிட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். எங்கேடா போறோம், எதுக்குடான்னு அம்மா கேக்கும். நான் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீ சொல்லியிருக்கணும்."

"எப்படிடா சொல்லுவேன்? ஒரு பேப்பர்கூட நான் விட்டதில்லை, எல்லாம் என் மூத்தவ படிச்சுக் காட்டிட்டாள்னு அம்மா ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்காங்கடா..."

"எனக்குச் சொன்னே இல்ல? அதே மாதிரி."

"நீ வேற. அம்மா வேற."

"இறங்குக்கா" என்றான் அவன். பொத்தானின் மேல் விரல் தயாராக இருந்தது. "இன்னும் இருபத்தாறு தடவை இருக்கு."

அவள் இறங்கினாள். கதவு அவர்களுக்கு நடுவில் மெல்ல மூடிக்கொண்டது. மேலே சிவப்பு எண் ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கூடத்தில் ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு காவலாளி, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அம்மா.

சாதாரணமாகப் பகலில் அம்மா கூப்பிடுவதில்லை. கண் ஆஸ்பத்திரிச் சீட்டோ, தண்ணீர் வரி நோட்டீஸோ வந்தால்தான். அது என்னவென்று கேட்க.

அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஏம்மா, வகுப்புல இருக்கியா? தொந்தரவா?" அம்மாவின் குரல் எப்போதும்போல் அவசரமாக இருந்தது. "ஒரு கவர் வந்திருக்கு. கொண்டுவந்த ஆள் கையெழுத்து வேணும்னு நிக்கறான். எங்கே போடணும், என்ன போடணும்னு ஒண்ணும் புரியலை. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லவா?"

"வாங்கி வை, வரேன்" என்று சொல்ல வாய் பழகியிருந்தது. முப்பது வருஷமாக அதைத்தான் சொல்லிவருகிறாள்.

"அம்மா" என்றாள். "அந்த ஆளை அனுப்பிட்டுக் கதவைச் சாத்திட்டு வா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு."

"ஏண்டி? குரல் ஏன் இப்படி இருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

மேலே எண் பன்னிரண்டில் நின்றது.

"உக்காந்துட்டியாம்மா?" என்றாள்.